காமிராவும் நான்கு நிபந்தனைகளும்

சங்கீதம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் நல்ல வாத்தியாரைத் தேடுகிறார்கள். சமையல் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் அடுப்பண்டை போய் நிற்கிறார்கள். படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் மட்டும் முதலில் கடைக்குப் போகிறார்கள்! கடையிலிருந்து திரும்பும்போது தோளிலே ஒரு கறுப்புப் பை தொங்குகிறது. அதற்குள்ளே காமிரா, இரண்டு மூன்று லென்ஸ், விளக்கு, துடைக்கும் துணி எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு தவணைக் கணக்கும் வீட்டுக்கு வந்து சேருகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. பை பீரோவின் மேல் நிம்மதியாகத் தூங்குகிறது.

படம் பிடிக்கும் ஆசையை நாம் பரிகசிப்பதாக நேயர்கள் எண்ண வேண்டாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கேனும் அந்த ஆசை இருப்பது அந்தக் குடும்பத்தின் பாக்கியம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், "எந்தக் காமிரா வாங்கலாம்? எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவது எப்படி?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். விடை சொல்லப் புகுமுன் ஒரு பழைய சமாசாரத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை அதில் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

மூன்று நிபந்தனைகள்

வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராம ஆசிரமத்தில் கனு காந்தி என்ற வாலிபர் இருந்தார். 1917-ஆம் வருஷத்தில் பிறந்தவர்; மகாத்மாஜிக்குப் பேரன் முறை ஆகவேண்டும். ஆசிரம அலுவல்களைக் கவனித்து வந்த அவருக்குப் படம் பிடிக்கும் ஆசை உண்டாயிற்று. ஜி. டி. பிர்லா அன்பளிப்பாகத் தந்த 100 ரூபாயைக் கொண்டு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிம் சுருளும் வாங்கினார். தம்மைப் படம் பிடிக்க மகாத்மாஜி அனுமதி கொடுத்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, பளிச்சென்று எரியும் பிளாஷ் விளக்கை உபயோகிக்கக் கூடாது. இரண்டாவது, "இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. மூன்றாவது, இந்தக் காரியத்துக்கு ஆசிரமம் பணம் கொடுக்காது.

ஆசிரமத்திலோ மண் சுவர்க் குடில்கள். உள்ளே மங்கலான வெளிச்சம். எதிரிலோ காமிராவுக்காக ஒரு கணமும் நிற்காத மனிதர். கையிலோ எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பிலிம். இந்த நிலையில் வேறு யாராவது இருந்தால், "சாமான் போதாது, ஐயா!" என்று கையை விரித்திருப்பார்கள். கனு காந்தி கையை விரிக்கவில்லை. மகாத்மாஜியின் இறுதிக் காலம் வரையில் சுமார் பத்து ஆண்டுகள் அவர் படம் எடுத்தார். அண்ணலின் அன்றாட வாழ்க்கையை வெகு சமீபத்தில் நின்று காட்டுகிற படங்கள் பல அவருடையவை. மூன்று தடைகளாகத் தோன்றியவை மூன்று பாடங்களாக முடிந்தன. நாமும் அந்தப் பாடங்களையே படிக்கலாம். கடைசி நிபந்தனையிலிருந்து தொடங்குவோம்; ஏனென்றால், கடைக்காரர் அங்கேதான் நமக்காகக் காத்திருக்கிறார்.

பணம் கிடையாது!

கடைக்காரர் உச்சரிக்கும் முதல் மந்திரம் 'மெகாபிக்ஸல்' என்பது. பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்ஸல். வீட்டு ஆல்பத்தில் ஒட்டும் படம் ஆறு அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ளது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் கண்ணுக்குக் குறை தெரியாது. கணக்குப் போட்டால் 1,800 பெருக்கல் 1,200. அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். இன்று சாதாரணமாக விற்கும் 24 மெகாபிக்ஸல் காமிரா இதைப் போல் பதினொரு மடங்கு புள்ளிகளைத் தருகிறது. அதைக் கொண்டு 20 அங்குல நீளப் படமே தெளிவாக அச்சிடலாம். 24 போதாது, 45 வேண்டும் என்று தவிப்பவர் வீட்டுச் சுவரின் அகலத்தை முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது மந்திரம் 'ஸென்ஸார்.' பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இன்று இருக்கும் ஒளி வாங்கித் தகடு அது. இந்த மந்திரத்தில் கொஞ்சம் சக்தி உண்டு. தகடு பெரிதானால் அது வாங்கும் ஒளியும் மிகுதி. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ளதை 'முழு அளவு' என்கிறார்கள். சினிமா பிலிமைக் குறுக்கே ஓட்டி ஆஸ்கர் பர்னாக் என்ற ஜெர்மானியர் அமைத்த லைக்கா காமிரா 1925-ஆம் வருஷத்தில் விற்பனைக்கு வந்தது. அதன் பட அளவுதான் இது. அடுத்தது 'ஏ.பி.எஸ்.-ஸி' என்பது; சுமார் 23.5 மில்லிமீட்டருக்கு 15.6. பரப்பில் முன்னதன் பாதிக்கும் குறைவு. விலையிலும் பாரத்திலும் அப்படியே குறைவு. கற்றுக்கொள்கிறவருக்கு இது தாராளமாய்ப் போதும்.

உண்மையில் பணம் போகவேண்டிய இடம் லென்ஸ். புதுக் காமிராவுடன் சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸை நீட்டிப் பிடித்தால், அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறப்பதில்லை. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 என்ற சின்ன லென்ஸ் ஒன்று பல கம்பெனிகளில் உண்டு. லென்ஸ் வகைகளில் மலிவானவற்றைச் சேர்ந்தது. இந்த எண்ணின் விசித்திரம், அது சிறுத்தால் துவாரம் பெருகும் என்பது. 5.6-க்கும் 1.8-க்கும் இடையே ஒளியின் வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு. கூடத்து விளக்கில் ஓடியாடும் குழந்தையை முதல் லென்ஸ் பிடிக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேண்டுமானால், இரண்டாவதற்கு நூறில் ஒரு பங்கு போதும். முன்னதில் குழந்தை புகையாகத் தெரியும். பின்னதில் குழந்தை குழந்தையாகத் தெரியும்.

பழைய காமிரா வாங்குவதில் யாதொரு கௌரவக் குறைவும் இல்லை. உள்ளே கண்ணாடி வைத்த காமிராக்களை விட்டுக் கண்ணாடி இல்லாத புது வகைக்கு உலகம் மாறிவருகிறபடியால், முன்னவை நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று லென்ஸுக்குப் பரம சத்துரு. பீரோவின் இருட்டில் தோல் பைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் ஸிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதே முறை.

காமிரா வாங்கவே வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியைக் கொண்டு மூன்று மாதம் விடாமல் படம் பிடித்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை நிலைத்திருந்தால், தமக்கு எது போதவில்லை என்பது அவர்களுக்கே விளங்கியிருக்கும். என்ன தேவை என்று தெரிந்தவனைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

பிளாஷ் கூடாது!

இந்த நிபந்தனையின் அர்த்தம், இருக்கிற வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொள் என்பது. காமிராவின் தலையில் இருந்துகொண்டு நேரே அடிக்கும் விளக்கு, முகத்தின் மேடு பள்ளங்களை ஒழித்துத் தோசைக்கல் போல் தட்டையாக்கிவிடுகிறது. நம் ஊரின் நடுப்பகல் சூரியனோ உச்சந்தலையில் நின்று கண்களைக் குழிகளாக்கிவிடுகிறது. இரண்டுக்கும் பரிகாரம் செலவில்லாதது. படம் பிடிக்க வேண்டியவரை வெயிலிலிருந்து தாழ்வாரத்துக்கு வரச் செய்ய வேண்டும். அல்லது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரச் செய்ய வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துக் கட்டினால், இருண்ட கன்னத்திலும் மெல்லிய ஒளி வந்து விழும். ஸ்டூடியோக்காரர்கள் பெரிய குடைகளையும் தட்டிகளையும் வைத்துச் செய்யும் காரியம் இதுவேதான்.

நிற்கச் சொல்லக் கூடாது!

இது எல்லாவற்றிலும் கஷ்டமான நிபந்தனை. ஏனென்றால் இதற்குப் பொறுமை வேண்டும். "சிரியுங்கள்!" என்று சொன்னவுடன் மனிதர்கள் பல்லைக் காட்டுகிறார்கள், சிரிப்பைக் காட்டுவதில்லை. பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, புடவையை மாற்றச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்தால் கிடைப்பது ஒரு நாற்காலிப் படம். அரைமணி நேரம் அருகிலேயே இருந்து, அவள் காமிராவை மறந்த பிறகு எடுத்தால் கிடைப்பது பாட்டியின் படம். அந்த விரல்கள் கீரையைத் திருப்பும் விதம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது. ஒருநாள் அது உலகத்திலேயே இல்லாமற் போகும். அதைப் பிடித்து வைக்கும் வேலைக்காகத்தான் நாம் இத்தனை பணமும் பொழுதும் செலவழிக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

அரிசியும் சாதமும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். படம் எடுத்தாயிற்று, கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. அதைத் திருத்துவது எப்படி?

காமிரா இரண்டு விதமாகப் படத்தைக் கொடுக்கும். 'ஜேபெக்' என்பது காமிராவே சமைத்துக் கொடுக்கும் சாதம். 'ரா' என்பது அரிசி. அரிசியிலிருந்து சாதமும் வடிக்கலாம், பொங்கலும் வைக்கலாம். சாதத்தை மறுபடியும் அரிசியாக்க யாராலும் இயலாது. ஜேபெக்கில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் 'ரா' பதிவிலோ 16,384 படிகள். நிழலில் மறைந்த முகத்தை வெளியே கொண்டுவர முயலும்போது இந்த வித்தியாசம் தெரியும். முன்னதில் திட்டுத் திட்டாகக் கறை படியும். பின்னதில் முகம் வரும். ஆகையால் முக்கியமான படங்களை 'ரா'வில் எடுத்து வைப்பதே உத்தமம். அதைத் திருத்த விலை கொடுத்து வாங்கும் லைட்ரூம் உண்டு. காலணாச் செலவில்லாத டார்க்டேபிளும் ராதெரப்பியும் உண்டு. இவை மூலப் பதிவைத் தொடுவதே இல்லை. நாம் செய்யச் சொன்னவற்றைத் தனியே குறித்து வைத்துக்கொள்கின்றன. பிழை செய்தாலும் மூலம் பத்திரம்.

வேலையை ஓர் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் சாய்ந்த படத்தை நிமிர்த்தி, வேண்டாத ஓரத்தை வெட்டுக. பிறகு வெண்மையைச் சரிப்படுத்துக. கல்யாணப் பந்தலின் வர்ண விளக்கில் மணப்பெண்ணின் முகம் ஊதாவாக இருக்கும். வேஷ்டியின் வெள்ளையைக் காட்டி, "இதுதான் வெள்ளை" என்று யந்திரத்துக்குச் சொன்னால், மற்ற வர்ணங்கள் பெரும்பாலும் தத்தம் இடத்துக்குத் திரும்பும். அதன்பின் வெளிச்சம், அதன்பின் நிழல். வர்ணத்தைக் கூட்டும் கருவியைக் கடைசியில் தொடுக. கால் பங்கு தொடுக. இல்லாவிட்டால் குங்குமம் காவியாகும், வயல் கிளிப் பச்சையாகும். படத்தின் ஒளிப் பங்கீட்டைக் காட்டும் 'ஹிஸ்டோகிராம்' என்ற மலைக்கோட்டைப் பார்க்கப் பழகுவது அவசியம். திரையின் பிரகாசம் கண்ணை ஏமாற்றும், அந்தக் கோடு ஏமாற்றாது. திரையை அளவுக்கு மீறிப் பிரகாசமாக வைத்துத் திருத்திய படம் அச்சில் இருண்டு வருவது இதனால்தான்.

மேகமும் கல்வெட்டும்

"திருத்துவதே பொய் அல்லவா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தஞ்சாவூரைக் காட்ட விரும்புகிறோம்.

1858-ஆம் வருஷத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டன், சென்னை ராஜதானியின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் படம் எடுத்தார். அக்காலத்து நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே வர்ணம் தீட்டி, வானத்தில் மேகங்களை உண்டாக்கினார்! ஆகவே படம் திருத்தும் கலை கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. பிற்காலத்து இருட்டறையிலும், ஒளிக்குக் குறுக்கே தட்டைப் பிடித்து ஓரிடத்தை வெளுப்பாக்குவதும், கையைக் குவித்து ஒளி பாய்ச்சி ஓரிடத்தைக் கறுப்பாக்குவதும் அன்றாட வேலைகள். போட்டோஷாப்பில் இவ்விரு கருவிகளுக்கும் அந்தத் தட்டும் அந்தக் கையுமே அடையாளச் சின்னங்கள். 1990-இல் வெளிவந்த அந்தப் போட்டோஷாப்பை ஆக்கிய தாமஸ் நால், ஜான் நால் என்ற சகோதரர்களின் தந்தை ஒரு பேராசிரியர். படம் பிடிக்கும் ஆசையால் வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் அங்கேதான் முதலில் தொழில் பழகினார்கள்.

ஆனால் அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு காரியம் செய்தார். கோயிலின் அடித்தளத்தில் செதுக்கியுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக்கினார். இங்கே அவர் ஓர் எழுத்தை அழகுக்காக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோயில் கோயில்தான். கல்வெட்டில் ஓர் எழுத்து மாறினால் சாஸனமே மாறிப்போகும்.

ஒவ்வொரு படத்திலும் மேகம் கொஞ்சம் இருக்கிறது. கல்வெட்டும் கொஞ்சம் இருக்கிறது. எது மேகம், எது கல்வெட்டு என்று பிரித்தறிவதுதான் படம் திருத்தும் கலையின் சாரம். மற்றவை எல்லாம் விரல் பழக்கம். பெரிய பெரிய பத்திரிகைகளுக்கே இதில் கால் சறுக்கியிருக்கிறது. 1982-ஆம் வருஷம் பிப்ரவரியில் 'நாஷனல் ஜியாக்ரபிக்' தன் அட்டைக்குப் படம் பொருந்த வேண்டும் என்பதற்காக எகிப்து தேசத்துப் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரால் நெருக்கி நகர்த்தி வைத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையாத கற்கள் ஓர் அட்டைக்காக அசைந்தன! அதைப் பற்றிய கண்டனம் இன்றும் ஓயவில்லை.

நான்காவது நிபந்தனை

பிரமிடு இருக்கட்டும், நம் வீட்டுக்கு வருவோம். இன்று ஒரு பொத்தானைத் தொட்டால் மனிதர்கள் படத்திலிருந்து மறைகிறார்கள். இன்னொன்றைத் தொட்டால் இல்லாதவர்கள் தோன்றுகிறார்கள். 2023-ஆம் வருஷம் முதல் போட்டோஷாப்பிலேயே, வேண்டியதை வார்த்தையால் சொன்னால் படமாக வரைந்து நிரப்பிக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. தாத்தாவின் நெற்றிச் சுருக்கங்களைப் பல கைப்பேசிகள் கேட்காமலே தேய்த்துவிடுகின்றன.

ஒரு நாள் வந்து மறையும் முகப்பரு மேகம். அதைத் துடைப்பதில் தோஷமில்லை. எழுபது வருஷம் வெயிலில் உழைத்து வந்த சுருக்கங்கள் கல்வெட்டு. அவற்றை அழிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பின்னால் தொங்கும் குப்பைத் துணியை வெட்டி நீக்கலாம். பாகப் பிரிவினையில் மனஸ்தாபம் ஏற்பட்டது என்பதற்காகச் சித்தப்பாவைக் கல்யாணப் படத்திலிருந்து நீக்கலாமா? மனஸ்தாபம் ஒரு தலைமுறையோடு தீர்ந்து போகும், படம் தீராது. அந்தக் கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தார், பந்தலில் நின்று சந்தனம் கொடுத்தார் என்பதற்கு ஒரே சாட்சியம் அந்தப் படமாக இருக்கக்கூடும்.

சேர்ப்பதைப் பற்றி என்ன? காலஞ்சென்ற தகப்பனாரின் உருவத்தை மகளுடைய கல்யாணப் படத்தில் சேர்த்துத் தரும்படி கேட்கிறவர்கள் பலர். அந்த ஆசையைக் குறை கூற நம்மால் முடியாது. அது கண்ணீரிலிருந்து பிறந்த ஆசை. செய்யட்டும்; ஆனால் படத்தின் அடியில் ஒரு வரி எழுதட்டும்: "அப்பாவின் உருவம் பின்னால் சேர்க்கப்பட்டது." அவ்வளவுதான். அந்த ஒரு வரி அன்பைக் குறைக்காது. அது இல்லாவிட்டால் ஐம்பது வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும் பேரன், தன் பாட்டனார் அன்று உயிரோடிருந்தார் என்றே நம்புவான். பிறக்காத குழந்தையிடம் நாம் பொய் சொன்னவர்களாவோம்; திருப்பிக் கேட்க அதற்கு அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே, மகாத்மாஜி விதித்த மூன்றுடன் நமக்கு நாமே நான்காவது நிபந்தனை ஒன்றை விதித்துக்கொள்ளலாம். இருந்ததைத் தெளிவாக்கலாம், இல்லாததைப் புகுத்தவோ இருந்தவரை நீக்கவோ கூடாது, புகுத்தினால் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, காமிராவும் கம்ப்யூட்டரும் செய்யாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதியதையும் மூலப் பதிவையும் மூன்று பிரதிகள் செய்து, இரண்டை வெவ்வேறு சாதனங்களில் வீட்டிலும், ஒன்றை வேறொரு வீட்டிலும் வைக்க வேண்டும். பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர்கள் பல வீடுகளில் ஒரே ஒரு கிழவியின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன. புதுக் காமிரா வாங்குவது அடுத்த மாதம் ஆகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவியின் பக்கத்தில் ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.